நிறம் மாறாத தாள்

அவருடைய வேலை முகர்ந்து பார்ப்பது. அவருக்கு வாசனை தெரியாது. முதல் விஷயம் தொழிற்சாலை முழுக்கத் தெரியும். இரண்டாவது, அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்.

அனல் மின் நிலையத்தின் பின்மதிலை ஒட்டி அந்தத் தொழிற்சாலை இருந்தது. மின் நிலையம் நிலக்கரியைத் தின்றுவிட்டுச் சாம்பலைத் துப்பும். ஒரு காலத்தில் அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குட்டையில் விட்டார்கள். குட்டை காய்ந்ததும் காற்று அதை வாரிக்கொண்டு போய் ஊர்க்காரர்களின் தட்டிலும் தலையணையிலும் போட்டது. பிறகுதான் இந்தத் தொழிற்சாலை வந்தது. டேங்கரில் வரும் சாம்பலைச் சைலோ என்ற உயரமான தொட்டியில் ஏற்றி, காஸ்டிக் சோடாக் கரைசலில் கலந்து, இரண்டு மாடி உயர இரும்புப் பானைகளில் ஒரு நாள் முழுக்கச் சூடாக வைத்திருப்பார்கள். சாம்பல் கரையும், கரைந்தது வேறொரு படிகமாகத் திரளும். வடிகட்டி, கழுவி, உலர்த்தினால் வெளிறிய பொடி. மூட்டையில் ‘சியோலைட்’ என்று அச்சிட்டிருக்கும். அதன் ஒவ்வொரு துகளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகள் உண்டு. அழுக்கு நீரைச் சுத்தம் செய்யும், சலவைத் தூளில் சேரும், கெட்ட நெடியைப் பிடித்து அந்த அறைகளுக்குள் பூட்டிவிடும். அவர் வீட்டுச் செருப்பு அலமாரியில்கூட ஒரு சின்னப் பை தொங்கியது. அதற்கு அவர் மனைவி வைத்த பெயர் ‘நாத்தம் தின்னி’.

சாம்பலில் ஒரு வில்லங்கம் இருந்தது. புகையின் நச்சைக் குறைக்க மின் நிலையத்தில் அம்மோனியா தெளிப்பார்கள். அளவு தப்பினால் மிச்சம் சாம்பலில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த சாம்பலாக இருக்கும்வரை அது வாயைத் திறக்காது. சூடான காஸ்டிக்கில் விழுந்தால் மொத்தமும் வாயுவாக வெளியே பாயும். மூடிய கொட்டகைக்குள் பாய்ந்தால் முதலில் கண் போகும், அடுத்தது நுரையீரல், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்காகத்தான் வாயிலில் ஒரு சோதனை அறை. ஒவ்வொரு டேங்கரிலிருந்தும் ஒரு கரண்டி சாம்பல் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட வேண்டும். அதில் கொஞ்சம் காஸ்டிக் ஊற்றி, மூடி, இருபது குலுக்கு குலுக்க வேண்டும். பிறகு ஈரமாக்கிய சிவப்பு லிட்மஸ் தாளைப் பாட்டிலின் வாயில் பிடிக்க வேண்டும். தாள் நீலமானால் டேங்கர் திரும்பிப் போக வேண்டியதுதான். இதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருந்தது. நடைமுறையில் அவருடைய மூக்கு இருந்தது.

அவர் மூட்டை தூக்குபவராகச் சேர்ந்தவர். முழங்கால் தேய்ந்தபின் வாயில் அறைக்கு மாற்றினார்கள். வந்த முதல் மாதத்திலேயே, தாள் நிறம் மாறும் முன்பே, “இதுல இருக்கு” என்று ஒரு டேங்கரை நிறுத்தினார். ஆய்வகத்தில் சோதித்தார்கள், இருந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. அதிலும் இருந்தது. அன்றிலிருந்து அவர் மூக்கண்ணன். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது. தாளுக்கு ஐந்து நிமிடம், மூக்குக்கு ஐந்து நொடி. மேனேஜர் தாள் வாங்குவதையே நிறுத்திவிட்டார். பதினாறு வருடத்தில் அந்த மூக்கு ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை.

பதினேழாவது வருடம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் விட்டது. ஆறாம் நாள் காலை அவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மனைவி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள்.

“என்னங்க, பால் தீஞ்சு கரியாகிட்டிருக்கு, கல்லு மாதிரி உக்காந்துருக்கீங்க! மாடி வரைக்கும் நாறுது. ஊரு சாம்பலையெல்லாம் மோந்து பாக்குற மூக்கு, வீட்டுக்கு வந்தா லீவு போட்டுடுமா?”

அவர் சிரித்தார். பிறகு எழுந்து போய்த் தீய்ந்த பாத்திரத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தார். கீழே வைத்தார். பினாயில் பாட்டிலைத் திறந்தார். வெங்காயத்தை நசுக்கினார். சோப்பை எடுத்தார். செருப்பு அலமாரியில் தலையை விட்டார். பின்னாலேயே வந்த மனைவியின் முகத்தில் இருந்த கேலி ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது.

“எதுவுமே தெரியலையா?”

“இல்ல.”

“எப்பலேருந்து?”

“காய்ச்சல்லேருந்துதான் இருக்கணும்.”

“சரியாயிடும்.”

“ஆயிடும்” என்றார் அவரும்.

ஆகவில்லை. வேறு பேட்டையில் ஒரு டாக்டரைப் பார்த்தார். தெரிந்தவர்கள் யாரும் அங்கே வரமாட்டார்கள் என்பதுதான் அந்த டாக்டரின் தகுதி. அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அன்றிலிருந்து பயம் அவரோடு குடித்தனம் நடத்தியது. காலையில் அவருக்கு முன்னால் எழுந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. முதல் டேங்கரின் ஹாரன் கேட்டதும் அவருக்கு முன்னால் ஜன்னலில் போய் நின்றது.

முதலில் கண்ணை நம்பினார். அம்மோனியா அதிகமிருந்தால் கண் கரிக்கும், மூக்கின் உள்தோல் எரியும். வாசனை போனாலும் எரிச்சல் போவதில்லை. பாட்டிலைத் திறந்து முகத்தோடு ஒட்டிவைத்துக் காத்திருப்பார். ஆனால் சாம்பல் தூசிக்கும் கண் கரிக்கும், வெயிலுக்கும் கரிக்கும். எது எது என்று பிரிக்க முடியவில்லை. சந்தேகம் வந்த டேங்கரையெல்லாம் திருப்பி அனுப்பினார். ஒரு வாரத்தில் ஒன்பது. அந்த ஒன்பதையும் ஆய்வகம் சோதித்து, எட்டில் ஒன்றுமில்லை என்றது.

டேங்கர் டிரைவர்களில் ஒருவருக்கு ஹாரன் என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஜன்னலில் தலையை நீட்டினார். “என்ன மூக்கண்ணே, சாம்பலுக்கும் உங்களுக்கும் சண்டையா? அடுத்த தடவை சென்ட்டு அடிச்சுக் கொண்டாரேன், அப்பவாச்சும் உள்ள விடுவீங்களா?”

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று மத்தியானம் மேனேஜர் அறைக்குப் போனார். சொல்லிவிடுவது என்றுதான் போனார்.

“சார், மறுபடி தாள் வாங்கிடலாமா? ஒரு பாதுகாப்புக்கு.”

“எதுக்கு மூக்கண்ணே?”

“வயசாகுது சார்.”

“அட போங்க. ஒரு வாரம் உடம்பு சரியில்ல, அவ்வளவுதான. ஒம்போதுல ஒண்ணைச் சரியா பிடிச்சீங்கல்ல? அந்த ஒண்ணு உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்?” மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். “பாருங்க, டேங்கர் வரிசையோட வால் எங்க நிக்குதுன்னு. தாள் வச்சா அது மெயின் ரோட்டுக்குப் போயிடும்.”

அவர் வரிசையைப் பார்த்தார். மூக்கில்லாத மூக்கண்ணனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? மறுபடி மூட்டை தூக்க முழங்கால் இல்லை. அதைவிட, ஹாரனும் மற்றவர்களும் அடுத்த நாள் தன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதை நினைத்தார். எழுந்து வந்துவிட்டார்.

அன்று மாலை பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடைக்குப் போய் லிட்மஸ் தாள் கேட்டார்.

“பேரப்பிள்ளைக்கா?” என்றார் கடைக்காரர்.

“ஆமா.”

அவருக்குப் பேரப்பிள்ளை கிடையாது. ஒரே மகள். அப்போது வேறு ஊரில் ரசாயனப் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

தாளை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி ஒரு தகர டப்பாவில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, நாக்கில் தொட்டு ஈரமாக்கிய கீற்றைக் கட்டைவிரலின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வார். பாட்டிலைத் திறந்து, விரலை அதன் வாயில் பிடித்தபடி முகர்வது போலக் குனிவார். மூச்சை உள்ளே இழுப்பதில்லை, அடக்கிக்கொள்வார். மனதுக்குள் முப்பது எண்ணிவிட்டு விரலைப் பார்ப்பார். சிவப்பு. “போகலாம்!” அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு மூக்கண்ணன் வயதாகி நிதானமாகிவிட்டார் என்று தோன்றியது.

தாள் உண்மையாக உழைத்தது. ஒரு வருடத்தில் ஏழு டேங்கர்களைக் காட்டிக்கொடுத்தது. ஏழிலும் ஆய்வகம் ஆமாம் என்றது. மேனேஜர் தோளில் தட்டினார். பயம் போய்விடவில்லை, உட்கார இடம் கிடைத்ததும் சத்தமில்லாமல் இருந்தது.

அப்போதுதான் மகள் வந்து சேர்ந்தாள். வேறெங்கும் இல்லை, இதே தொழிற்சாலையில், பானைக் கொட்டகையின் பொறியாளராக. நேர்முகத் தேர்வில் “மூக்கண்ணன் பொண்ணா?” என்று கேட்டார்களாம். “அதுக்கு மேல என்ன கேள்வி கேக்குறதுன்னு சிரிச்சாங்கப்பா” என்று வீட்டில் வந்து சொன்னாள்.

எல்லோரும் வாழ்த்தினார்கள். மனைவி மட்டும் சமையலறையில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பவாவது சொல்லிடுங்க. அவ அந்தப் பானைக்கு மேல நிக்கிறவ.”

“தாள் இருக்கு. ஒண்ணும் ஆகாது.”

“தாள் இருக்குன்னா அவகிட்ட சொல்றதுக்கென்ன?”

“இந்த மாசம் போகட்டும். இப்பத்தான் சேர்ந்துருக்கா. அப்பன் ஏமாத்துக்காரன்னு தெரிஞ்சா அவ தலை நிமிந்து நடக்க முடியுமா?”

“அவ தலையா, உங்க தலையா?” என்றாள் மனைவி.

அந்த மாதமும் போனது, அடுத்ததும் போனது.

ஒவ்வொரு முறை பானைக்குள் சாம்பல் இறங்கும்போதும், மகள் மேடையில் ஏறி, பானையின் வாய்க்கதவைத் திறந்து, குனிந்து மாதிரி எடுப்பாள். அவர் ஒரு நாள் கீழிருந்து அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு முப்பது எண்ணியவர் அறுபது எண்ண ஆரம்பித்தார். வாக்கி டாக்கியில் மற்றவர்கள் மாதிரி அவரும் அவளை “மேடம்” என்றுதான் கூப்பிடுவார். “மேடம், அடுத்த டேங்கர் உள்ள வருது.” “சரிங்க சார்” என்பாள் அவள், குரலில் சிரிப்போடு. சிரிப்பு கேட்கும்வரை அவருக்கு மூச்சு சீராகாது.

ஒரு நாள் அவள் பேனா தேடி வாயில் அறைக்கு வந்தாள். அவர் தடுப்பதற்குள் மேஜை டிராயரை இழுத்துவிட்டாள். சாப்பாட்டுப் பைக்கு அடியில் தகர டப்பா.

“இது என்னப்பா?”

“மாத்திரை. கால் வலிக்கு.”

“கால் வலின்னு சொல்லவே இல்ல? எந்த மாத்திரை, காட்டுங்க.”

“எல்லாத்தையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் முழுங்கணுமா?”

அவர் மகளிடம் எரிந்து விழுந்து பழக்கமில்லாதவர். அவள் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டாள். மூடியில் நகத்தை வைத்தாள். அந்தச் சமயத்தில் வாக்கி டாக்கியில் யாரோ “மேடம், வடிகட்டி அடைச்சுக்கிச்சு” என்றார்கள். டப்பாவை வைத்துவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

டப்பாவுக்கு வேறு இடம் தேடினார். அறையின் மூலையில் சிமென்ட் பலகை ஒன்று இருந்தது. அதில் அடர் ஆசிட் பாட்டில். சாம்பலும் காஸ்டிக்கும் சேர்ந்து பாட்டில்களின் உள்ளே கல்லாகப் படியும். அதைக் கரைத்துக் கழுவ அந்த ஆசிட். அதன் மூடி அரித்துப்போயிருந்தது. அந்த மூலைக்கு ஒருவரும் போகமாட்டார்கள். அவர் டப்பாவை ஆசிட் பாட்டிலின் பின்னால் வைத்தார். நிம்மதியாக இருந்தது.

பதினெட்டு நாள் ஒரு தாள்கூட நீலமாகவில்லை. மின் நிலையத்தில் அம்மோனியா தெளிக்கும் கருவியைச் சரிசெய்திருப்பார்கள் என்று நினைத்தார். டப்பாவின் மூடியில் புதிதாகத் துரு பூத்திருந்தது. அதையும் பார்த்தார். தகரம்தானே, பழசாகிறது என்று துடைத்துவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஹாரன் வந்தார். மூன்று தடவை அடித்தார்.

“மூக்கண்ணே, இன்னைக்கு நிஜமாவே சென்ட்டு அடிச்சிருக்கேன். சாம்பலுக்கில்ல, எனக்கு. பொண்ணு பாக்கப் போறோம், தம்பிக்கு. சீக்கிரம் விடுங்க.”

“தம்பிக்குப் பொண்ணு பாக்க நீ ஏன்யா மணக்குற?”

“பின்ன, டீசல் நாத்தத்தோட போனா பொண்ணு குடுப்பாங்களா?”

சாம்பல், காஸ்டிக், இருபது குலுக்கு. முதுகைத் திருப்பினார். அறுபது எண்ணினார். கண் லேசாகக் கரித்தது, வெளியே காற்றடித்துக்கொண்டிருந்தது. விரலைப் பார்த்தார். சிவப்பு. பளிச்சென்ற சிவப்பு.

“போகலாம்.”

பாட்டிலை மூடி ஓரமாக வைத்தார். “மேடம், டேங்கர் உள்ள வருது.” “சரிங்க சார். ரெண்டாம் பானைக்குத்தான். சைலோ காலி, நேரா இறக்கிடறோம்.” குரலில் சிரிப்பு இருந்தது.

அடுத்த அரை மணி நேரம் வேறு டேங்கர் வரவில்லை. பாட்டில்களைக் கழுவலாம் என்று எழுந்தார். முதலில் ஆசிட் பாட்டிலின் மூடியைக் கழற்றிவைத்தார். பிறகு ஹாரன் கொண்டுவந்த சாம்பல் பாட்டிலைத் திறந்தார்.

வெண்புகை எழுந்தது.

இரண்டு பாட்டில்களுக்கும் நடுவே, எதுவும் எரியாமல், எதுவும் கொதிக்காமல், தும்பைப்பூ நிறத்தில் கனமாகத் திரண்டு பலகையின் விளிம்பில் வழிந்தது. இதை அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டு பாட்டில் வைத்தாள். அவர்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இது ஆசிட், அது அம்மோனியா. தனித்தனியா கண்ணுக்குத் தெரியாது. ரெண்டும் பக்கத்துல வந்தா புகை” என்று வந்தவர்களுக்கெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். பெருமையில் அவருக்குக் கை வலித்ததே தெரியவில்லை.

வாக்கி டாக்கியை எடுத்தார்.

“ரெண்டாம் பானையை நிறுத்துங்க! சாம்பலை நிறுத்துங்க!”

சூப்பர்வைசரின் குரல் வந்தது. “என்ன மூக்கண்ணே, நீங்க விட்ட சாம்பல்தான இப்ப ஓட ஆரம்பிச்சிருக்கு?”

“தப்பா விட்டுட்டேன். இதுல அம்மோனியா இருக்கு. நிறைய இருக்கு.”

“உங்க மூக்காவது, தப்பாவது. காலையிலேயே விளையாடாதீங்கண்ணே.” பின்னணியில் யாரோ சிரித்தார்கள்.

பதினாறு வருடம் பொய் சொல்லாத மூக்கு. அதை நம்பாதீர்கள் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. பொத்தானை அழுத்தினார். தொழிற்சாலையில் வாக்கி டாக்கி வைத்திருந்த இருபத்து மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு வாசனை தெரியாது! ரெண்டு வருஷமா எனக்கு வாசனையே தெரியாது! நிறுத்துங்கய்யா!”

கரகரவென்ற ஓசை மட்டும் கேட்டது. பிறகு மகளின் குரல்.

“அப்பா?”

“பாப்பா, கீழ இறங்கு. உடனே இறங்கு.”

அவள் அப்பா என்று கூப்பிட்டதும் அவர் பாப்பா என்று கூப்பிட்டதும் வாக்கி டாக்கியில் அதுதான் முதல் தடவை. “எல்லாரும் வெளிய போங்க. நான் வால்வை மூடிட்டு வரேன்” என்றாள். அது அவருக்கில்லை, தன் ஆட்களுக்கு. அடுத்து இருமல் சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அவர் ஓடினார். வாயிலிலிருந்து கொட்டகைக்கு முந்நூறு மீட்டர். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. எடைமேடை, மூட்டைக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி. கொட்டகையிலிருந்து ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தரையில் மண்டியிட்டு வாந்தியெடுத்தார். வந்த முகங்களில் மகளின் முகம் இல்லை. சூப்பர்வைசர் உள்ளே போகத் திரும்பினார். வாசலிலேயே நெடி அறைந்து, குடலே வெளியே வருவது போல் இருமியபடி பின்வாங்கினார்.

“மாஸ்க் வருதுண்ணே, நில்லுங்க!”

அவருக்கு அந்த நெடி இல்லை. மற்றவர்களை வாசலிலேயே திருப்பியது எதுவோ அது அவரைத் திருப்பவில்லை. தொட்டியில் சட்டையை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். கண்ணில் மிளகாய்ப் பொடியை அள்ளிப் போட்டது போல இருந்தது. தொண்டை ஒரு நூல் அளவுக்குச் சுருங்கியது. கைப்பிடிக் கம்பியைத் தடவித் தடவிப் படியேறினார்.

மேலே அவள் இருந்தாள். ஈரத் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு, சைலோவின் அடியில் இருந்த இரும்புச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தானாக மூட வேண்டிய கதவு மூன்று வாரமாகப் பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. அதன் கீழிருந்த கை வால்வைத்தான் சுற்றி மூட வேண்டும். மூடாவிட்டால் மொத்த டேங்கர் சாம்பலும் தண்ணீர் மாதிரி பானைக்குள் ஓடும். தொழிற்சாலைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மதில்தான் இருந்தது. அவள் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள், நிற்கவில்லை.

அவர் அவள் கையைச் சக்கரத்திலிருந்து பிடுங்கி விலக்கினார்.

“போ!”

“இன்னும் எட்டு சுத்து…”

“நான் சுத்துறேன். நீ போ.”

“அப்பா, நீங்க…”

“எனக்குத்தான் வாசனை தெரியாதே. போடி!”

வாசனை தெரியாதவனை வாயு விட்டுவிடாது. அவள் படித்தவள். அவளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே படியிறங்கினாள்.

அவர் சுற்றினார். ஒன்று. இரண்டு. கண் முழுவதும் மூடிக்கொண்டது. எண்ணுவது பழகிய வேலை. ஐந்து. ஆறு. நெஞ்சுக்குள் யாரோ மூட்டையை இறக்கினார்கள். ஏழு. எட்டு. சக்கரம் நிற்கவில்லை, இன்னும் சுற்றியது. சாம்பல் ஓடும் சரசரப்பு இன்னும் காதில் கேட்டது. அவருக்கு அப்போது வந்த பயம் அதுவரை வந்த எல்லாப் பயத்தையும்விடப் பெரியது: மூச்சு எட்டுக்குத்தான் இருந்தது. இருந்தும் சுற்றினார். சரசரப்பு நின்றது.

மாஸ்க் போட்ட இரண்டு பேர் அவரைப் படியில் கண்டெடுத்துத் தூக்கிவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் அவருக்குக் கொஞ்சம் பேச வந்தது. பிராணவாயு முகமூடிக்குள்ளிருந்து, கிசுகிசுப்பாக. மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். மகளின் கண்கள் இன்னும் சிவந்திருந்தன. அவளை மூன்றாம் நாளே விட்டுவிட்டார்கள்.

“சிவப்புதான் பாப்பா” என்றார். “நல்லா பாத்தேன். சிவப்புதான் இருந்துச்சு.” நான்கு நாளாக அவர் பயந்துகொண்டிருந்தது மரணத்துக்கு இல்லை. கண்ணும் போய்விட்டதோ, நீலத்தைப் பார்த்துச் சிவப்பு என்று விட்டுவிட்டோமோ என்றுதான்.

“கண் சரியாத்தாம்ப்பா இருக்கு. டப்பாவை எடுத்துட்டுப் போய் இருபது தாளை அம்மோனியாவுல காட்டினேன். ஒண்ணுகூட மாறல. ஆசிட் ஆவி ஏறி எல்லாம் செத்துப்போச்சு.”

“யாரும் கை வைக்காத இடம்னு வச்சேன்.”

“யாரும்னா, நான்.”

மனைவி போர்வையை இழுத்துவிட்டாள். இழுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது.

“மூக்கு போச்சுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொல்லலாம்னுதான் தினமும் கிளம்புவேன்.” மூச்சு வாங்கினார். “பஸ்ஸை விட்டு இறங்குறதுக்குள்ள தைரியம் இறங்கிடும்.”

பிராணவாயு சீறிக்கொண்டிருந்தது. திடீரென்று அவர் முகமூடிக்குள் சிரித்தார். அது இருமலாக மாறி, அடங்க வெகுநேரமானது.

“எட்டுன்னு சொன்னியே.”

“என்னது?”

“எட்டு சுத்துன்னு சொன்னே. எண்ணினேன். பன்னெண்டு இருந்துச்சு.” விரலால் அவள் கையைத் தட்டினார். “என்னத்த படிச்ச நீ?”

“அவளைப் போய்க் கேலி பண்ணிக்கிட்டு… பேசாம படுங்க” என்றாள் மனைவி.

பதினோராம் நாள் மத்தியானம் அவர் இறந்தார். அப்போது வயது ஐம்பத்தேழு.

கொட்டகையை மறுபடி திறந்தபோது மகள் மேடையில் ஏறி அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். முழுவதும் திறந்த நிலையிலிருந்து முழுவதும் மூட முப்பது சுற்று. முதல் பானையின் வால்வுக்கு இருபத்தாறு. அதைத்தான் அவள் மனதில் வைத்திருந்தாள். இரண்டாம் பானைக்கு மாற்றியிருந்தது வேறு வால்வு. அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று அவள் சுற்றியது பதினெட்டு.

இன்னொரு தடவை திறந்து, இன்னொரு தடவை எண்ணினாள். மிச்சம் பன்னிரண்டுதான்.